பெயரும் இலக்கமும்: ஆள்களப் பெயர் முறைமையின் வரலாறும் வீட்டு வலையமைப்பும்

வீடொன்றிலுள்ள இரண்டு மூன்று லினக்ஸ் கணினிகளை ஒரு ரவுட்டருடன் இணைத்து, அவற்றை இலக்கத்தாலன்றிப் பெயராலே அழைக்க முற்படும் ஒருவர், தாம் அறியாமலே ஒரு வரலாற்றை மீண்டும் நடந்து கடக்கிறார். முதலில் ஒவ்வொரு கணினியிலும் பெயரும் இலக்கமும் கொண்ட சிறு பட்டியலொன்றை எழுதுவார். நாளடைவிற் பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படும். பின்னர் ஒரு கணினியைப் பட்டியலுக்குப் பொறுப்பாக்குவார். அதன் பின்னரோ, பொறுப்புக் கணினி முன்னர் கூறிய விடையை ஏனையவை மறக்க மறுப்பதைக் கண்டு திகைப்பார். அமெரிக்க ஆய்வு வலையமைப்பாகிய ஆர்ப்பாநெற்றும் 1970களிலும் 1980களிலும் இந்நிலைகளைக் கடந்தே வந்தது. கைந்நூல்கள் இவற்றைத் தனித்தனிப் பழுதுகளாகவே கூறிச் செல்கின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த வரலாற்றுப் படைகளாகக் கொள்ளின், பழுது எங்கே உள்ளதென்பது விரைவிற் புலப்படும் என்பது எமது கருத்து.

ஆர்ப்பாநெற் 1969ஆம் ஆண்டிலே நான்கு நிலையங்களுடன் தொடங்கியது. அக்காலத்திற் பெயர் ஒரு வசதி மாத்திரமே. இயந்திரத்திற்கு இலக்கம் போதுமானதாயிருந்தது. ஒரே கணினியை ஒரு நிலையத்தார் ஒரு பெயராலும் மற்றொரு நிலையத்தார் வேறொரு பெயராலும் அழைத்து வந்தமையால், 1971ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பெக்கி கார்ப் என்பார் பெயர்களை ஒருமைப்படுத்த வேண்டுமென முன்மொழிந்தார். ஆயினும் பட்டியல் ஒவ்வொரு நிலையத்திலும் தனித்தனியாகவே இருந்து வந்தது. 1973ஆம் ஆண்டு டிசெம்பரிற் பீற்றர் டொயிற்ஷ் இதனை நகைப்புக்கிடமான நிலையெனச் சாடினார். நிலையந்தோறும் ஒரு பட்டியல் பேணப்படுவதும், அவற்றுட் பெரும்பாலானவை காலங்கடந்தவையாயிருப்பதுமே அவரது குறை. அடுத்த மாதமே இதற்குப் பரிகாரம் அறிவிக்கப்பட்டது. கலிபோர்ணியாவின் மென்லோ பார்க்கில், ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் அமைந்திருந்த வலையமைப்புத் தகவல் நிலையம் ஒரே கோப்பைப் பேணும் எனவும், ஏனையோர் அதனைப் பிரதிசெய்து கொள்ளலாம் எனவும் கூறப்பட்டது. 'ஹோஸ்ற்ஸ்' எனும் அக்கோப்பின் வழித்தோன்றலே இன்று ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் அதே பெயருடன் கிடக்கும் சிறு கோப்பாகும்.

அந்நிலையத்தை நெடுங்காலம் வழிநடத்தியவர் எலிசபெத் பைன்லர். தொழில்நுட்ப வரலாறுகள் கருவிகளைச் செய்தோரைப் போற்றுமளவிற்குப் பதிவேட்டைப் பேணியோரைப் போற்றுவதில்லை. உலகின் எப்பாகத்திற் புதிய கணினியொன்று சேரினும், அச்செய்தி இந்நிலையத்தை வந்தடைய வேண்டியிருந்தது. அங்குள்ளோர் அதனைக் கோப்பிற் சேர்ப்பர். பிறர் அதனைப் பெற்றுச் செல்வர். கணினிகள் சில நூறாக இருந்த வரையில் இவ்வொழுங்கு செவ்வனே நடந்தது. அதன் பெருஞ்சிறப்பு ஐயமின்மை எனலாம். ஒரு பெயருக்கு இலக்கம் யாதெனும் வினாவிற்கு உலகில் ஒரேயொரு விடைதான் இருந்தது. அவ்விடை இன்ன இடத்தில் உண்டென்பதையும் யாவரும் அறிந்திருந்தனர்.

எனினும் கணினிகள் பெருகப் பெருக, கோப்பும் பருத்தது. அதனைப் பிரதிசெய்வோரும் பெருகினர். ஒரு பிரதி தொலைவிலுள்ள நிலையத்தைச் சென்றடையும் முன்னரே மூலம் மாறிவிடும். இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. இலக்கத்தை வழங்கும் அதிகாரம் தகவல் நிலையத்திடம் இருந்தது. பெயரைத் தேர்ந்து கொள்வோரைக் கட்டுப்படுத்தும் அதிகாரமோ அதனிடம் இருக்கவில்லை. பிறரது மின்னஞ்சல் கடந்து செல்லும் பெருங்கணினியொன்றின் பெயரை எங்கோ ஒருவர் தம் கணினிக்கும் சூட்டிவிடின், வலையமைப்பிற் குழப்பம் விளையும். ஆகவே, பிரச்சினை கோப்பின் பருமனை மட்டும் பற்றியதன்று. பெயரிடும் உரிமை யாருக்குரியது என்பதும் அதில் அடங்கியிருந்தது.

1982ஆம் ஆண்டு ஓகஸ்டில் சோ-சிங் சூ, ஜோன் பொஸ்ரெல் ஆகிய இருவரும் கிளைவிட்டுச் செல்லும் பெயர் அமைப்பொன்றை விவரித்தனர். தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பொஸ்ரெலுடன் பணியாற்றிய போல் மொக்கபெற்றிஸிடம், நிலவிய பல முன்மொழிவுகளை இணக்குமாறு கேட்கப்பட்டது. அவரோ அவற்றை இணக்காது, தாமே புதியதொன்றை வகுத்தார். 1983ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளியிடப்பட்டது. 1987ஆம் ஆண்டு நவம்பரிற் திருத்தம் பெற்று, இன்றும் அடிப்படையாக விளங்குகின்றது. இதுவே டீ.என்.எஸ். எனப்படும் ஆள்களப் பெயர் முறைமை.

இம்முறைமையைப் பெயரை இலக்கமாக மாற்றும் அகராதி என விளக்குதல் வழக்கம். அவ்விளக்கம் பழைய கோப்பிற்கும் பொருந்துமாதலின், புதுமை வேறெங்கோ இருத்தல் வேண்டும். முதலாவது புதுமை, அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தல். மேலுள்ளவர் ஒரு கிளையைக் கீழுள்ளவரிடம் ஒப்படைத்தபின், அக்கிளையினுட் பெயரிடும் பொறுப்பு அவருடையதே. இலங்கைக்குரிய எல்கே எனும் ஈரெழுத்துக் கிளை 1990இல் ஒப்படைக்கப்பட்டமையும், 2010இல் 'இலங்கை' எனும் தமிழ்ச் சொல்லே ஓர் உயர்நிலைக் கிளையானமையும் இவ்வொழுங்கின் பயனாகும். (ஆயின் அச்சொல் கம்பியிற் செல்லும்போது ஆங்கில எழுத்துக்களாலும் எண்களாலுமான மறைகுறியாகவே செல்கின்றது.) இரண்டாவது புதுமை, பழைய விடைகளை வாழவிடுதல். ஒவ்வொரு விடையும் நொடிகளிற் குறித்த ஆயுளொன்றுடன் வருகின்றது. அவ்வாயுள் முடியும் வரை அதனைப் பெற்றவர் மீண்டும் கேளாது நினைவில் வைத்திருக்கலாம். விடை உடனுக்குடன் திருத்தமுற்றிருப்பதினும், விடை கிடைப்பதே முக்கியமென மொக்கபெற்றிஸ் வெளிப்படையாகத் துணிந்தார். பைன்லரின் கோப்புத் தந்த ஐயமின்மை இத்துணிவிற்குக் கொடுத்த விலையாயிற்று. அவ்விலையை வீட்டு வலையமைப்பு உடையோர் இன்றும் செலுத்துகின்றனர்.

1984இற் பேர்க்லியின் பட்டதாரி மாணவர் நால்வர் யுனிக்ஸிற்கென 'பைண்ட்' எனும் மென்பொருளை எழுதினர். 1991இற் தோன்றிய லினக்ஸ் இம்மரபினைப் பெற்றபோது பழைய கோப்பையும் கைவிடவில்லை. முதலிற் கோப்பைப் பார்ப்பதா, சேவையகத்தைக் கேட்பதா எனத் தீர்மானிக்க மூன்றாவதொரு கோப்பு உண்டு. பெரும்பாலும் 'ஹோஸ்ற்ஸ்' கோப்புக்கே அதில் முதலிடம்.

இதன் விளைவை நான் பட்டறிந்தது என் வீட்டிலாகும். கோவைகளைச் சேமிக்கும் பழைய கணினியொன்றிற்குக் 'களஞ்சியம்' எனும் பெயரை ஆங்கில எழுத்துக்களில் இட்டிருந்தேன். ரவுட்டரை மாற்றியபோது முகவரிகள் 192.168.1 எனும் தொடரிலிருந்து 192.168.0 எனும் தொடருக்கு மாறின. பெயர்ச் சேவையகத்திற் திருத்தம் செய்தேன்; இரண்டு கணினிகள் இணங்கின, மூன்றாவது இணங்கவில்லை. 'டிக்' எனும் ஏவலால் வினவியபோது சரியான இலக்கமே வந்தது; 'பிங்' ஏவலோ பழைய இலக்கத்தையே நாடிச் சென்றது. ஒரே கணினி ஒரே வினாவிற்கு இரு விடை கூறுவதெங்ஙனம் என மயங்கி ஓரிரவைக் கழித்தேன். 'டிக்' நேரே சேவையகத்தைக் கேட்பது. 1983இற்குப் பிந்திய உலகை மட்டுமே அறிந்தது. 'பிங்' ஏனைய நிரல்களைப் போன்று முதலிற் கோப்பைப் பார்ப்பது. அக்கோப்பில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதி மறந்த வரியொன்று இருந்தது. 'கெற்என்ற்' ஏவலை முதலிலேயே இட்டிருப்பின், நிரல்கள் காணும் விடை எதுவென அறிந்திருப்பேன். டொயிற்ஷ் 1973இற் சாடிய அதே குறை!

அவ்வரியை நீக்கியபின் மற்றொரு சிக்கல் எழுந்தது. புதிய கணினியொன்றின் பெயரைப் பதியும் முன்னரே அவசரப்பட்டு அதனை அழைத்துப் பார்த்தேன். பதிந்த பின்னரும் அப்படியொரு பெயர் இல்லையென்றே விடை வந்தது. 'உண்டு' எனும் விடைக்கு ஆயுள் உள்ளவாறே 'இல்லை' எனும் விடைக்கும் ஆயுளுண்டு. இதனை 1998ஆம் ஆண்டின் விதி வரையறுக்கின்றது. நினைவைக் கழுவியதும் பெயர் தோன்றிற்று.

இப்போது என் வீட்டிற் சைமன் கெலி என்பார் ஆக்கிய 'டீ.என்.எஸ்.மாஸ்க்' எனும் சிறு நிரல் பணிபுரிகின்றது. அது தானிருக்கும் கணினியின் 'ஹோஸ்ற்ஸ்' கோப்பைப் படித்து, ஏனையவற்றுக்கு டீ.என்.எஸ். மொழியில் விடையளிப்பது. மென்லோ பார்க்கின் பதிவேடும் மொக்கபெற்றிஸின் முறைமையும் ஒரு மேசைக்கடியில் இணைந்துள்ளன என்று சொல்லலாம். எஞ்சியது வீட்டிற்கு ஒரு குடும்பப் பெயர் இடுவது. பலர் தாமாகவே 'லோக்கல்' என இடுவர். 2013இல் அது வேறொரு வழிமுறைக்கென ஒதுக்கப்பட்டுவிட்டமையால் பழுதுகள் விளைகின்றன. வீடுகளுக்கென 2018இல் ஒதுக்கப்பட்ட பெயர் 'ஹோம்.ஆர்ப்பா' என்பது. 'ஆர்ப்பா' எனும் கிளை, பழைய கோப்பிலிருந்த கணினிகளைப் புதிய முறைமைக்கு மாற்றும் வரைக்கும் தற்காலிகமாகவே 1984இல் வகுக்கப்பட்டது. ஆர்ப்பாநெற் 1990இல் மூடப்பட்டது. களஞ்சியத்தின் முழுப்பெயர் இன்று அக்கிளையிலேயே முடிகின்றது.