நான்-டீடெய்லுக்கு வந்து சேர்ந்த லாம்ப் கதைகள்

1806இல் லண்டனில் ஓர் அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர் கதைகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி சார்லஸ் லாம்புக்குப் பகலில் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அக்கா மேரியின் பங்குதான் பெரியது: இருபது கதைகளில் பதினான்கு அவர் எழுதியவை. ஹாம்லெட், மெக்பெத், லியர் உள்ளிட்ட ஆறு துன்பியல் கதைகள் மட்டும் சார்லஸுடையவை. ஒவ்வொன்றையும் எழுதி முடிக்கும்வரை தன்னால் ஆகாது என்று அவர் முனகிக்கொண்டே இருந்ததை மேரி ஒரு கடிதத்தில் கேலி செய்திருக்கிறார்.

பதிப்பித்தவர் வில்லியம் காட்வின். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியின் அப்பா. அப்போது மனைவியோடு சேர்ந்து சிறுவர் நூல் பதிப்பகம் நடத்திவந்தார். 1807இல் இரண்டு தொகுதிகளாக வந்த புத்தகத்தின் முகப்பில் சார்லஸ் பெயர் மட்டுமே இருந்தது. 1796இல் மனநோய் முற்றிய ஒரு நாளில் பெற்ற தாயையே கத்தியால் குத்திக் கொன்றவர் மேரி. பைத்தியக்கார விடுதியில் காலம் முழுக்க அடைபட்டுக் கிடக்காமல், தம்பி பொறுப்பேற்றதால் வீட்டில் வாழ்ந்தார். 1838இல் முகப்பில் அவர் பெயரும் ஏறியபோது தம்பி உயிரோடு இல்லை.

நூலின் முன்னுரையை ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு அப்பாவின் நூலகம் சிறுவயதிலேயே திறந்துவிடுகிறது, பெண்பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அதனால் முக்கியமாக அவர்களுக்காகவே இந்தக் கதைகள் என்கிறது அது. கடினமான இடங்களைத் தங்கைகளுக்கு விளக்கிச் சொல்லும்படி அண்ணன்மாரைக் கேட்டுக்கொள்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்துக்குப் பின் ஆங்கிலத்தில் நுழைந்த சொற்களைக்கூட முடிந்தவரை தவிர்த்திருக்கிறார்கள். பின்னாளில் மூல நாடகத்தைத் திறக்கும்போது அந்த மொழி மிரட்டக் கூடாது என்பதே நோக்கம். நாடகத்துக்கு ஏற ஓர் ஏணி வைத்தார்கள்.

புத்தகம் வெகுதூரம் போனது. 1904இல் லின் ஷூ சீனத்தில் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலமே தெரியாது. நண்பர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதினார். சீன வாசகர் பலருக்கு ஷேக்ஸ்பியர் முதலில் அறிமுகமானது கதாசிரியராகத்தான். இந்தியாவிலோ ஆங்கிலக் கல்வியோடு வகுப்பறைக்குள் நுழைந்தது. நாடகம் மாணவருக்குக் கடினம், கதை எளிது, எனவே நான்-டீடெய்ல் என்னும் துணைப்பாடம். ஏணியோடு பாடம் முடிந்தது. 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலிலும் முதல் அலகின் துணைப்பாடம் ‘தி டெம்பெஸ்ட்’. லாம்ப் நூலின் முதல் கதையும் இதுதான்.

அந்தக் கதையில் மேரி வெட்டியவை எவை என்று பார்த்தால் நமக்குச் சுருக்கென்கிறது. குடிகார பட்லர் ஸ்டெபனோவும் விதூஷகன் டிரிங்குலோவும் போய்விட்டார்கள். சிறுவர் நூல், புரிகிறது. ஆனால் தீவில் அடிமையாக இருக்கும் காலிபனின் வாயையும் அடைத்துவிட்டார். நாடகத்தில் அவன் தன் எஜமான் பிராஸ்பரோவை நேருக்கு நேர் கேட்கிறான்: இந்தத் தீவு என் தாய் வழியில் எனக்கு வந்தது, நீ பிடுங்கிக்கொண்டாய், உன் மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்தாய், அதில் நான் கண்ட லாபம் உன்னைச் சபிக்கத் தெரிந்ததுதான். மேரியின் கதையில் இந்த வழக்கே கிடையாது. அங்கே காலிபன் நல்லது எதையும் கற்கமுடியாத பிறவி, அதனால் விறகு சுமக்கிறான், அவ்வளவுதான். கம்பெனிக் குமாஸ்தாவின் வீட்டில் எழுதப்பட்டது என்பதற்காக இதில் சதி தேடவேண்டியதில்லை. அந்தக் காலத்துக்கு அது உறுத்தவில்லை. நம் வகுப்பறைக்கு உறுத்தவேண்டும். ஆங்கிலம் யாருடையது, எதற்காகக் கற்கிறோம் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வியை ஷேக்ஸ்பியரே எழுதிவைத்திருக்கிறார், கதை வடிவம் அதைக் கொடுப்பதில்லை.

தேர்வுக்கு வேண்டியது வேறு. நிகழ்ச்சிகளைச் சரியான வரிசையில் அடுக்கினால் மதிப்பெண். புயல், கப்பல், ஃபெர்டினண்ட், மன்னிப்பு என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவார்கள். காலிபன் பேசும் இடமோ முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. ஒரு பீரியடில் கால் மணி நேரம் போதும், ஆசிரியர் பிராஸ்பரோ, ஒரு மாணவி காலிபன். பரீட்சைக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கடைசி பெஞ்சும் கேட்கும்.