ஆளில்லா உலாவியின் ஓட்டை

இணையத்திலிருந்து நீக்கப்படக்கூடிய பக்கங்களைப் படமெடுத்துச் சேமிக்க, வாடகைச் சேர்வர் ஒன்றில் குரோம் உலாவியை இயக்கி வருகிறேன். அதற்குத் திரையில்லை. ‘புதுப்பிக்கவும்’ என்ற அறிவிப்பைக் காண ஆளுமில்லை.

2023 செப்டெம்பரில், ‘வெப்பி’ வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நிரலகத்திலிருந்த பாதுகாப்பு ஓட்டையை அப்பிள் நிறுவனமும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப்பும் கூகிளுக்கு அறிவித்தன. தாக்குதல்காரர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தனர். 11ஆம் திகதி குரோமுக்கும், மறுநாள் பயர்பொக்ஸுக்கும் திருத்தம் வெளியானது.

அன்றே சேர்வரைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது தவறு. லினக்ஸில் புதிய கோப்பு வட்டில் ஏறினாலும், ஓடிக்கொண்டிருக்கும் உலாவி நினைவகத்திலுள்ள பழைய நிரலையே பயன்படுத்தும். அதை நிறுத்தி மீளத் தொடங்க வேண்டும். பப்பெட்டியர் போன்ற கருவிகள் தமக்கென்று தனி குரோம் ஒன்றைத் தரவிறக்கி வைப்பதும் உண்டு. இயங்குதளத்தின் புதுப்பிப்பு அதைத் தொடாது. நான் இயக்கியது அந்த இரண்டாவது குரோமைத்தான். ஒரு வாரம் கழித்தே கவனித்தேன்.

எந்த இணைப்பை யார் அனுப்பினார் என்ற பட்டியலும் அதே சேர்வரில் கிடந்தது. கட்டுரையில் பெயரை மறைத்துவிட்டு, அங்கே திறந்து வைத்திருந்தேன். பட்டியலை இப்போது வேறிடத்துக்கு மாற்றிவிட்டேன். திருத்தம் வரும்போதெல்லாம், நிறுவிய பதிப்பை அல்ல, ஓடும் பதிப்பையே பார்க்கிறேன்.