பிரம்புக்கு அதிகாரம் தந்தவர் யார்? திண்ணைப் பள்ளி முதல் கல்வி உரிமைச் சட்டம் வரை

“கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிடுங்க வாத்தியாரே!” பிள்ளையைப் பள்ளியில் விடும்போது பெற்றோர் இப்படிச் சொல்வது தமிழகத்தில் நெடுங்கால வழக்கம். தன்னிடம் இருப்பதாகத் தந்தை நம்பும் அடிக்கும் உரிமை அந்தச் சொல்லில் ஆசிரியர் கைக்கு மாறுகிறது. இந்த உரிமை பள்ளியில் எப்படி வேரூன்றியது, சட்டம் அதை எந்த அளவுக்குப் பறித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பள்ளிப் பிரம்பின் பின்னால் நின்றது வீடு. எனவே வீட்டைத் தொடாத சீர்திருத்தம் பள்ளியிலும் முழுமை பெறாது என்பதே இதன் வாதம்.

திண்ணையின் ஒழுங்கு

அடியே தமிழ்க் கல்வி மரபு என்பது சரியல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், நல்லாசிரியருக்குரிய இயல்புகளில் அருளையும் சேர்க்கிறார். மாணவன் ஏற்கும் வகையறிந்து பாடம் சொல்லச் சொல்கிறார். ஆனால் இலக்கணம் வகுத்த இலட்சியம் வேறு, திண்ணையில் நடந்தது வேறு.

சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826இல் தொகை தெரிந்தது. பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை வகுப்பறைக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறது. காலையில் முதலில் வரும் சிறுவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழியம்: அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு. அடுத்தடுத்து வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடும். சோம்பேறிக்குக் கசையடி, அடிக்கடி கைகளைக் கட்டி விட்டத்தில் தொங்கவிடுவார்கள். தமிழ்த் திண்ணைகளில் இதைக் கோதண்டம் என்றார்கள். ஓயாமல் மண்டியிட்டு எழ வைப்பது உடலுக்கு நல்லதாகவும் இருக்கலாம் என்று கேம்பெல் எழுதுகிறார். ஆள வந்தவரும் அதைக் கண்டிக்கவில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் ஆசிரியரின் குணம் மட்டுமன்று. பல வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். அவருக்குத் துணை சட்டாம்பிள்ளை. எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வதே கல்வி. பிள்ளைகளின் குடும்பங்கள் தரும் பணமும் தானியமுமே அவர் பிழைப்பு. கண்டிப்பைக் கேட்டவர்களே படியளந்தார்கள்.

அடிக்கு மாற்றுவழி அதே சென்னையில் அதற்கு முன்பே சோதிக்கப்பட்டிருந்தது. எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். தவறுகள் ஒரு பேரேட்டில் பதிவாகும். சக மாணவர்களே கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். 1797இல் அவர் வெளியிட்ட நூல் வழியே அம்முறை ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஆனால் நம் வகுப்பறைகளில் நிலைத்தது பிரம்புதான்.

சட்டத்தின் இரு முகம்

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மை கருதிப் பாதுகாவலரோ, அவர் இசைவுடன் பிறரோ நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குக் காப்பளித்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே இசைவு என்று நீதிமன்றங்கள் கொண்டன. பெற்றோரின் வாய்ச்சொல்லுக்கு இப்படிச் சட்டத்தின் துணையும் கிடைத்தது.

இந்தப் பிடி தளர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. பள்ளியில் அடிக்க இடம் தந்த விதியை 2000இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. 2003இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, குழந்தைக்கு உடல் வலியோ மன வலியோ தருவதைத் தடுத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரல் 1 முதல் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் பள்ளிகளில் தடை செய்தது. ஆனால் மீறுபவர் மீது துறை நடவடிக்கை என்பதோடு அப்பிரிவு நின்றுவிடுகிறது. உடல் தண்டனையை ஒழிப்பதற்கான வழிகாட்டுதல்களைச் செயல்படுத்தும்படி 2024இல்கூடச் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

விடுபட்ட வீடு

நடுவண் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. பள்ளி செல்வோரில் 65 விழுக்காட்டினர் அங்கே அடி வாங்கியதாகச் சொன்னார்கள். குடும்பத்தில் துன்புற்றவர்களில் பெரும்பாலோரை அடித்தவர் பெற்றோரே. சுவீடன் 1979இலேயே பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் விலக்கியது. இங்கோ பழைய 89ஆம் பிரிவின் சாரம் 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. வீட்டில் நியாயமாகக் கருதப்படும் அடியைப் பள்ளியில் மட்டும் குற்றமென்றால், பெற்றோரும் நம்புவதில்லை, ஆசிரியரும் மனமார ஏற்பதில்லை.

இதை மாற்றும் இடத்தைக் கல்வி உரிமைச் சட்டமே தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். கட்டடம், கழிவறை, சத்துணவு பற்றிப் பேசும் அக்கூட்டத்தில், பிள்ளையை அடிக்காமல் வளர்ப்பதும் கற்பிப்பதும் எப்படி என்பதும் நிலையான பொருளாக வேண்டும். நாற்பது பிள்ளைகளைத் தனியே சமாளிக்கும் ஆசிரியரின் சிரமத்தைப் பெற்றோர் அங்கே கேட்க வேண்டும். வீட்டின் சிரமத்தை ஆசிரியரும் கேட்க வேண்டும். வாத்தியாருக்கு அடிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் பெற்றோர். அதைத் திரும்பப் பெற வேண்டியவர்களும் அவர்களே.