அஞ்சல்தலையில் விடுபட்ட குகை: ரமணரும் நாராயண குருவும்

மும்பைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள எலிபெண்டா தீவின் திரிமூர்த்திச் சிற்பம், 1949 ஆகஸ்ட் 15 அன்று 9 பை மதிப்புள்ள அஞ்சல்தலையில் அச்சாகி வந்தது. அதே வரிசையின் 3 பை அஞ்சல்தலையில் அஜந்தாவின் யானை. சுதந்திர இந்தியா அன்றாடக் கடிதங்களுக்கென வெளியிட்ட முதல் வரிசை அது. அவற்றில் குகை இருந்தது, உளி பிடித்தவர் பெயர் இல்லை. அந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவே இல்லை. பிறகு குகையில் வாழ்ந்த மனிதர்களுக்கே அஞ்சல்தலை வந்தபோது நிலைமை தலைகீழானது. நாராயண குருவுக்கு 1967இலும் ரமண மகரிஷிக்கு 1971இலும் அஞ்சல்தலை வெளியாயிற்று. இரண்டிலும் முகம் உண்டு, பெயர் உண்டு, விலை உண்டு. குகை மட்டும் இல்லை.

இதை வடிவமைத்தவரின் வசதி என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் வாதம். குகையை எடுத்துவிட்டால் ரமணர் ஊர் உலகத்தோடு ஒட்டாத மோனியாகவும், நாராயண குரு தமிழோடு தொடர்பில்லாத மலையாளச் சீர்திருத்தக்காரராகவும் மட்டுமே தெரிகிறார்கள். இரண்டும் அரைகுறைச் சித்திரங்கள்.

முதலில் ரமணர். திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். கோயிலுக்குள் பாதாள லிங்கம், பிறகு குருமூர்த்தம், பவழக்குன்று என்று இடம் மாறி, 1899இல் மலைமேல் உள்ள விரூபாட்ச குகைக்குப் போனார். 1916 வரை, அதாவது தம் இருபதாம் வயதிலிருந்து முப்பத்தாறு வயதுவரை, பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். அஞ்சல்தலையில் ‘ரமண மகரிஷி’ என்று இருக்கிறதே, அந்தப் பெயர் பிறந்ததே அந்தக் குகையில்தான். 1907 நவம்பரில் அவரைத் தேடி மலையேறி வந்த காவ்யகண்ட கணபதி முனிவர்தான் அந்தப் பெயரால் அவரை அழைக்கத் தொடங்கினார். அதற்குமுன் ஊராருக்கு அவர் வெறும் பிராமண சுவாமி. இன்று உலகமெங்கும் படிக்கப்படும் ‘நான் யார்?’ என்ற சிறு நூலின் மூலமும் அங்கேதான் உருவாயிற்று. வருவாய்த் துறையில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் குகைக்கு வந்து கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் இருந்த இளைஞர் எழுதிக் காட்டிய பதில்களே பின்னாளில் அந்த நூலாயின. பெயர், போதனை இரண்டும் குகையில் தோன்றியிருக்க, அதை வெறும் தனிமையின் இடமாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

அந்தக் குகை ஊர் வழக்குகளுக்கு அப்பாற்பட்டதாகவும் இல்லை. விரூபாட்ச தேவர் என்ற துறவியின் சமாதி உள்ளே இருப்பதால் அது அப்போது ஊரிலுள்ள ஒரு மடத்தின் உடைமையாக இருந்தது. கார்த்திகைத் தீபத்துக்கு மலையேறும் கூட்டத்திடம் நுழைவுக் காசு வாங்குவது மடத்தின் பழக்கமாக இருந்தது. குகையின் உரிமை குறித்து இரு தரப்பினர் நீதிமன்றத்துக்குப் போனதால் அந்த வசூல் சில காலம் நின்றிருந்தது. தீர்ப்பு வந்ததும் வென்றவர்கள் மறுபடியும் வசூலிக்கத் தொடங்கினார்கள். இம்முறை விழாக் காலத்தோடு நிறுத்தாமல் ஆண்டு முழுவதும். காசில்லாதவர் சுவாமியைப் பார்க்க முடியாது என்றானதும் ரமணர் குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். வசூலிப்பவர் எல்லையை மரத்தடி வரை தள்ளிவைத்தார். ரமணர் எழுந்து சற்குருசாமி குகைக்குப் போய்விட்டார். ஆளில்லாத குகைக்கு யார் காசு கொடுப்பார்? வருமானம் படுத்துவிட, இனி வசூலிப்பதில்லை என்று சொல்லித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நரசிம்ம சுவாமி எழுதிய ரமணரின் வாழ்க்கை வரலாறு சொல்லும் நிகழ்ச்சி இது. வாய் திறந்து ஒரு வார்த்தை கண்டிக்காமல், இடம் மாறி உட்கார்ந்தே ஒரு பொது நியாயத்தை நிலைநாட்டியவரைத் துறவி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

நாராயண குருவின் குகை இன்னும் நமக்கு நெருக்கமானது. நாம் இன்னும் அதிகமாக மறந்ததும் அதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் மருந்துவாழ் மலையில் உள்ள பிள்ளைத்தடம் குகையில் அவர் தவமிருந்தார். அங்கிருந்து இறங்கிய பிறகுதான் 1888இல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் சாதியில் பிறந்த ஒருவர் லிங்கம் நாட்டியது அன்றைய திருவிதாங்கூரையே உலுக்கியது. அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு தமிழர். குரு தமிழிலும் பதிகங்கள் இயற்றினார். ‘ஒழிவில் ஒடுக்கம்’ என்ற தமிழ் நூலையும் குறளின் சில பகுதிகளையும் மலையாளத்தில் தந்தார். மருந்துவாழ் மலை இருக்கும் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பதினோரு ஆண்டு கழித்து வெளியான அஞ்சல்தலையில் அந்த மலையின் ஒரு கோடாவது இருந்திருந்தால், இவர் எல்லைக்கு இருபுறமும் உரியவர் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கும். 2009இல் இலங்கையும் குருவுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1918, 1926 ஆகிய ஆண்டுகளில் அவர் அங்கே போயிருந்ததால் அந்த நாட்டுக்கு அதற்கு நியாயம் இருந்தது. குகையைத் தன் மண்ணில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் அவரை நினைப்பவர் குறைவு.

ஒரு சிறு தாளில் முகத்தையும் மலையையும் எப்படி அடக்குவது என்று கேட்கலாம். ஒரே தாளில் அடக்க வேண்டியதில்லை; விவேகானந்தருக்கு இரண்டு தனி அஞ்சல்தலைகளாக அது நடந்திருக்கிறது. 1963இல் அவருடைய உருவத்தோடு அஞ்சல்தலை வந்தது. 1996இல் குமரிமுனையின் பாறை நினைவகத்துக்கென்றே தனி அஞ்சல்தலை வந்தது. மனிதருக்குப் பின்னால் அவர் அமர்ந்த கல்லும் நினைக்கத் தக்கது என்று அஞ்சல் துறையே ஏற்றுக்கொண்ட உதாரணம் இது. அந்தப் பாறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் மருந்துவாழ் மலை நிற்கிறது.

இந்த இருவரும் சந்தித்ததும் உண்டு. 1916இல் நாராயண குரு திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைக் கண்டார். அந்தச் சந்திப்பின் பயனாக ‘நிர்விருதி பஞ்சகம்’ என்று ஐந்து வடமொழிச் செய்யுள்கள் பிறந்தன. பேசிக்கொண்டது மிகக் குறைவு. முகங்களை மட்டும் வைத்து ஆல்பம் சேர்ப்பவர் ஒருவரைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் மற்றவரைக் கேரளப் பக்கத்திலும் ஒட்டுவார். குகைகளை வைத்துச் சேர்த்தால் இருவரும் ஒரே பக்கத்துக்கு வருவார்கள். மும்பை மாட்டுங்காவில் என் மேசைமேல் அப்படி ஒரு பக்கத்தை ஒட்டி முடித்த வாரம், தாராவியில் குமரி மாவட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். லென்ஸை வாங்கி குருவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஆளை அடையாளம் தெரியவில்லை. மலையின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“சின்ன வயசுல மருந்துக்கு இலை பறிக்க ஏறுவோம்லா. மேல ஒரு சாமியார் இருந்த குகை உண்டும்பாங்க. எந்தச் சாமியாருன்னு யாரு கேட்டா?”

இந்தச் சாமியார்தான் தாத்தா, என்றேன். மறுபடியும் லென்ஸை வாங்கிக்கொண்டார். செம்பூரில் இவருக்கு ஒரு கோயில் இருக்கிறது, மலையாளிகள் கட்டியது என்றும் சொன்னேன். அறுபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லையே என்றார். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டு, பீடிக் கட்டின் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.