சர்க்கார் ஒப்பந்தமும் ஸ்திரீகளின் கையொப்பமும்

1813ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், பிரிட்டனுடன் யுத்தம் மூண்டு, சீசபீக் விரிகுடாவில் எதிரிக் கப்பல்கள் நடமாடிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தைக் காத்து நின்ற மெக்ஹென்றி கோட்டையின் தளபதி மேஜர் ஜார்ஜ் ஆர்மிஸ்டெட், வெகு தூரத்திலிருந்தே எதிரியின் கண்ணுக்குப் புலப்படத்தக்க பிரம்மாண்டமான கொடி ஒன்று தமது கோட்டைக்கு வேண்டும் என்று விரும்பினார். அந்த வேலை போய்ச் சேர்ந்த இடம், கப்பல்களுக்குக் கொடி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைப் பராமரித்துவந்த மேரி பிக்கர்ஸ்கில் என்ற விதவையின் வீடு. அகலம் 30 அடி, நீளம் 42 அடி; பதினைந்து பட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம்; பதினைந்து நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டடி. மகள் கரோலினும், சகோதரன் பெண்கள் இருவரும், கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும் உடனிருந்து தைத்தார்கள். வீட்டுக்கூடத்தில் விரித்துப் பார்க்க முடியாத அளவுக்குத் துணி பெருகிவிடவே, அக்கம்பக்கத்திலிருந்த மதுவடிசாலையின் தரையை இரவல் கேட்டு, அங்கே அதைப் பரப்பி, தரையில் மண்டியிட்டபடியே நட்சத்திரங்களை இடம் பார்த்துப் பொருத்தினாள் தன் தாய் என்றும், பல நாட்கள் நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை வேலை நடந்தது என்றும் அந்த மகள் முதுமையில் எழுதிய கடிதம் ஒன்று சொல்கிறது.

வேலை முடிந்தபின், பெரிய கொடிக்கு 405 டாலர் 90 சென்ட், புயல் மழையின்போது ஏற்றுவதற்கான சிறிய கொடிக்கு 168 டாலர் 54 சென்ட் என்று கணக்குத் தீர்ந்து பணம் பட்டுவாடா ஆயிற்று. அந்தப் பெரிய கொடி இன்று வாஷிங்டன் நகரின் காட்சிசாலையில் தேசப் பொக்கிஷமாகப் போற்றப்படுகிறது. கொடி தைத்த மறு ஆண்டில் அதைக் கண்ணுற்ற பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டே பின்னர் அந்நாட்டின் தேசிய கீதமாயிற்று. கொடியை அறிந்தவர் கோடிக்கணக்கானோர். அது ஒரு ஸ்திரீ தன் சொந்தத் தொழிற்கூடத்தின் பெயரில் ஏற்று, குறித்தபடி முடித்து, ரசீது கொடுத்துப் பணம் பெற்ற ஒரு சர்க்கார் ஒப்பந்தம் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே.

சர்க்கார் கொள்முதலில் மகளிருக்கு இடம் கொடுப்பதை ஏதோ சமீபகாலத்துச் சலுகை என்று எண்ணுவோர் பலர். அமெரிக்கக் குடியரசின் பழைய கணக்கேடுகள் அந்த எண்ணத்துக்கு இடந்தருவதில்லை. 1777ஆம் ஆண்டு மே மாதத்தில், பென்சில்வேனியாவின் கடற்படை நிர்வாகச் சபை, கப்பல் கொடிகள் செய்து தந்ததற்காக எலிசபெத் ராஸ் என்பவளுக்கு 14 பவுன் 12 ஷில்லிங் 2 பென்ஸ் கொடுக்க உத்தரவிட்டது. பெட்ஸி ராஸ் என்று குழந்தைகளும் அறிந்த அந்த அம்மையார்தான் தேசத்தின் முதல் கொடியைத் தைத்தாள் என்ற கதைக்கு அக்காலத்து ஆதாரம் இல்லை. இந்தப் பட்டுவாடாவுக்கோ ஆதாரம் இருக்கிறது. கதையைவிட இந்தக் கணக்கு வரியே அவளுக்கு அதிகக் கௌரவம் தருவது என்பது என் அபிப்பிராயம்.

அதே 1777இல், ஜனவரி மாதம், பிலடெல்பியாவை விட்டு வெளியேறிப் பால்டிமோரில் கூடியிருந்த காங்கிரஸ் மகாசபை, சுதந்திரப் பிரகடனத்தை அதில் கையெழுத்திட்டோர் பெயர்களுடன் அச்சிட்டு வெளியிடத் தீர்மானித்தபோது, அந்தப் பொறுப்பை ஏற்றவள் மேரி காதரின் காடார்டு. கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் பிரிட்டிஷ் மன்னரின் பார்வையில் ராஜத்துரோகிகள்; பிடிபட்டால் தூக்குமேடைக்குப் போகவேண்டியவர்கள். அச்சிட்டவருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. அதற்கு முன்பெல்லாம் தன் பெயரின் முதலெழுத்துக்களை மட்டுமே போட்டுவந்த அந்த அம்மையார், இந்தப் பத்திரத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் பொறித்தாள். பால்டிமோரின் தபால் அதிகாரியாகவும் அவளே பதினான்கு வருஷம் இருந்தாள். யுத்தகாலத்தில் கஜானா வறண்டபோது தபால் கொண்டுபோகும் குதிரைச் சவாரிக்காரர்களுக்குத் தன் கைப்பணத்திலிருந்தே கூலி கொடுத்தாள். ஆயினும் 1789இல், அந்த உத்தியோகத்துக்கு அதிகப் பிரயாணம் செய்யவேண்டியிருக்கும், ஸ்திரீயால் அது இயலாது என்று காரணம் சொல்லி அவளை நீக்கினார்கள். நகரத்துப் பிரமுகர்கள் இருநூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு விண்ணப்பித்துப் பார்த்தார்கள். அவளே ஜனாதிபதி வாஷிங்டனுக்கும் எழுதினாள்; தாம் தலையிடுவதற்கில்லை என்று அவர் பதில் விடுத்தார். வேலையில் குறை கண்டு நீக்கியிருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. பதினான்கு வருஷம் செய்து காட்டிய வேலையையே அவளால் செய்ய முடியாது என்று சொன்னதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இந்த மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. பிக்கர்ஸ்கில் விதவை. காடார்டு விவாகமே செய்துகொள்ளாதவள். பெட்ஸி ராஸோ, அந்த 1777 மே மாதத்தில் முதல் கணவனை இழந்திருந்தவள். மறு விவாகம் நடந்தது அடுத்த மாதத்தில். இது தற்செயலாக நேர்ந்ததல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த சட்ட மரபின்படி, விவாகமான ஸ்திரீ கணவனிலிருந்து வேறான நபராகக் கருதப்படவில்லை. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் எழுத முடியாது, வழக்குத் தொடர முடியாது, அவள் சம்பாத்தியமும் அவளுடையதாகாது. ஒப்பந்தப் பத்திரத்தில் அவள் இடும் கையொப்பத்துக்கு மதிப்பு வரவேண்டுமானால் கணவன் இல்லாதவளாக இருக்கவேண்டும். 1839இல் மிசிசிப்பியும், 1848இல் நியூயார்க்கும் விவாகமான பெண்ணின் சொத்துரிமையை ஒருவாறு ஒப்புக்கொண்டன. அவள் சொந்தமாக வியாபாரம் நடத்தி வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று நியூயார்க் சட்டமியற்றியது 1860இல். மற்ற ராஜ்யங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

உள்நாட்டு யுத்தகாலத்தில் விஷயம் வேறு உருவம் கொண்டது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சட்டையும் நிஜாரும் வேண்டியிருந்தன; தைக்கும் கைகள் பெண்களுடையவை; ஒப்பந்தங்களோ இடைத்தரகர்களிடம். சர்க்கார் கொடுத்த கூலியில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தையே தையற்காரிகளுக்குக் கொடுத்தார்கள். 1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சின்சினாட்டி நகரத்துத் தையற்பெண்கள் ஜனாதிபதி லிங்கனுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். யுத்தத்தில் கணவரையும் மக்களையும் கொடுத்தவர்கள் தாங்கள் என்பதை நினைவூட்டி, அவர்கள் கேட்டது தர்மமோ உபகாரச் சம்பளமோ அல்ல. தரகர் கையில் விடாமல் அந்த வேலையைச் சர்க்கார் நேராகத் தங்களிடமே தரவேண்டும் என்பதுதான். பின்னால் எழுந்த சட்டங்கள் அனைத்தின் சாரமும் அந்த ஒரு காகிதத்தில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்துதான் சர்க்கார் இவ்விஷயத்தில் கண் திறந்தது. சிறுதொழில்களுக்குச் சர்க்கார் கொள்முதலில் நியாயமான பங்கு வேண்டும் என்று 1953இலேயே சட்டம் பிறந்து, அதற்கென ஒரு நிர்வாக ஸ்தாபனமும் ஏற்பட்டது. ஆனால் அத்தொழில்களில் மகளிர் நடத்துபவை எத்தனை என்பதைத் தேசத்தின் கணக்கெடுப்பு இலாகா முதன்முதலில் எண்ணிப் பார்த்தது 1972ஆம் ஆண்டுக் கணக்கில்தான். 1974இல் கடன் கொடுப்பதில் ஆண் பெண் பேதம் பாராட்டலாகாது என்று சட்டமாயிற்று. ஜனாதிபதி கார்ட்டர் 1979ஆம் ஆண்டு மே மாதத்தில், மகளிர் தொழில்களுக்கு ஆதரவு தருமாறு எல்லா இலாகாக்களுக்கும் ஆணை பிறப்பித்தார். இவ்வளவுக்குப் பிறகும், தொழிலுக்காகக் கடன் கேட்டுப் போன பெண்ணிடம் கணவனோ தகப்பனோ சகோதரனோ கையெழுத்திட வேண்டும் என்று கேட்கும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. 1988இல் இந்த விஷயமாகக் காங்கிரஸ் சபைக் கமிட்டி சாட்சியங்களைக் கேட்டபோது வெளிவந்த ஒரு செய்தி பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: சொந்தத் தொழிலை நடத்திவந்த ஒரு பெண், ஆண் ஜாமீன் இல்லாமல் கடன் இல்லை என்றதனால், தன் பதினேழு வயது மகனைக் கூட்டிவந்து கையெழுத்திடச் செய்தாளாம். அவள் பேரில் நம்பிக்கை இல்லை. அவள் வளர்த்த பிள்ளையின் பேரில் நம்பிக்கை இருந்தது! நியூயார்க்கின் பிரதிநிதி ஜான் லஃபால்ஸ் கொண்டுவந்த மசோதா அந்த ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி ரீகனின் கையெழுத்துடன் சட்டமாகி, இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. மகளிர் தொழில்களுக்கான பயிற்சி நிலையங்களுக்கும் வழிவகுத்தது.

ஒப்பந்தங்களைப் பொறுத்த வரலாறு இனித்தான் வருகிறது. அதை நினைக்கையில் வருத்தமே மேலிடுகிறது. 1994இல் இயற்றப்பட்ட கொள்முதல் சீர்திருத்தச் சட்டம், மத்திய சர்க்காரின் ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து மகளிரின் சிறுதொழில்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு என்ற பெயரே ஒழிய, எட்டத் தவறிய இலாகாவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. எட்டுவதற்கான சாதனமும் கொடுக்கப்படவில்லை. அந்தச் சாதனம் 2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதச் சட்டத்தில் வந்தது: மகளிர் பங்கு குறைவாக உள்ள தொழில்களில், நியாயமான விலைக்குத் தகுதியுள்ள மகளிர் ஸ்தாபனங்கள் இரண்டேனும் போட்டியிடும் என்று கொள்முதல் அதிகாரி எதிர்பார்த்தால், அந்த ஒப்பந்தத்தை அவர்களுக்குள்ளேயே போட்டிக்கு விடலாம். எந்தெந்தத் தொழில்களில் பங்கு குறைவு என்பதை ஆராய்ந்து சிறுதொழில் நிர்வாகம் பட்டியல் வெளியிடவேண்டும். அது வெளிவந்தால்தான் சட்டம் நடைமுறைக்கு வரும்.

பட்டியல் வரவில்லை. நிர்வாகம் ஓர் ஆய்வு செய்தது. அதில் பிழைகள் உண்டென்று தேசிய ஆராய்ச்சிக் கழகத்து நிபுணர்கள் கூறினர். 2004இல் அமெரிக்க மகளிர் வர்த்தக சபை நியாயஸ்தலத்தை நாடியது. மறு ஆண்டு, இந்தத் தாமதம் நியாயமற்றது என்று நீதிபதி கண்டார். ராண்ட் ஆராய்ச்சி நிலையம் புதிதாகத் தயாரித்த அறிக்கை 2007இல் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் நிர்வாகம் முன்வைத்த விதியிலோ, மகளிர் பங்கு குறைவென்று ஒப்புக்கொள்ளப்பட்ட தொழில்கள் நான்கே நான்கு. சமையலறை அலமாரி செய்வது அவற்றுள் ஒன்று. சட்டம் இயற்றி ஏழாண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இது. கண்டனக் குரல் நாலா பக்கமும் எழுந்தது. அந்த விதி நிலைக்கவில்லை. அதே ராண்ட் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 2010ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான முடிவான விதி 83 தொழில்களைக் குறிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் திட்டம் அமலுக்கு வந்தது. கணக்கு எழுதும் முறையை மாற்றியவுடன் நான்கு 83 ஆயிற்று! குறை நாட்டிலிருந்த மகளிர் தொழில்களில் இல்லை; எண்ணியவர் விரும்பிய அளவுகோலில் இருந்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

பிறகும் முட்டுக்கட்டைகள் இருந்தன. இவ்வளவு தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை மகளிருக்கென ஒதுக்கலாகாது என்றிருந்த உச்சவரம்பு 2013இல் நீங்கியது. குறிப்பிட்ட சூழ்நிலைகளில் போட்டியின்றியே ஒரு மகளிர் ஸ்தாபனத்துக்கு ஒப்பந்தம் தரும் அதிகாரம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. 2015ஆம் நிதியாண்டில்தான், இலக்கு வைத்து இருபது ஆண்டு கடந்து, முதன்முறையாக நூற்றுக்கு 5.05 என்ற அளவு எட்டப்பட்டது. தொகை 1,780 கோடி டாலர். அடுத்த சில ஆண்டுகளில் அது மீண்டும் சரிந்தது; 2019இல் மறுபடியும் ஐந்தைக் கடந்தது. ஸ்தாபனத்தில் நூற்றுக்கு 51 பங்கு பெண்களுடையதாக இருப்பதோடு நிர்வாகமும் அவர்கள் கையில் இருக்கவேண்டும் என்பது விதி. ஆண்கள் நடத்தும் தொழிலுக்கு மனைவியின் பெயரைப் பலகையில் எழுதி ஆதாயம் தேடுவோரைத் தடுப்பதற்காக, தமக்குத் தாமே சான்று கூறிக்கொள்ளும் முறை கைவிடப்பட்டு, 2020 முதல் முறையான சான்றிதழ் அவசியமாயிற்று. இது தேவையான மாற்றமே. காகித வேலை கூடியது என்று முறையிடுவோரின் கட்சியில் நான் இல்லை.

சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே போகும் வழி எளிதாக இல்லை. சர்க்கார் டெண்டர் ஒன்று நூறு பக்கத்துக்கும் மேல் நீளும். முன் அனுபவம் கேட்பார்கள். ஜாமீன் தொகை கேட்பார்கள். பத்துச் சிறிய வேலைகளை ஒன்றாகக் கட்டிப் பெரிய ஒப்பந்தமாக்கிவிட்டால் சிறியவர்கள் அருகே நெருங்கவும் இயலாது. 1988 சட்டத்தின் பயனாகத் தோன்றிப் பெருகிய மகளிர் தொழில் நிலையங்களும், பாதுகாப்பு இலாகாவின் உதவியுடன் 1985 முதல் மாகாணந்தோறும் ஏற்பட்ட கொள்முதல் உதவி நிலையங்களும் இந்த இடத்தில்தான் பயன்படுகின்றன. சர்க்காரின் பதிவேட்டில் ஸ்தாபனத்தைப் பதிவு செய்வது எப்படி, எந்த இலாகா என்ன வாங்குகிறது, முதல் தடவையிலேயே பெரிய ஒப்பந்தத்துக்கு ஆசைப்படாமல் பெரிய ஒப்பந்தக்காரரிடம் துணை ஒப்பந்தம் பெற்று அனுபவம் சேர்ப்பது எவ்வாறு என்று அங்கே அருகிலிருந்து சொல்லித் தருகிறார்கள். இந்தப் போதனைக்குக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. வெளியே அதிகம் தெரியாத இன்னொரு பாடமும் அங்கே உண்டு. பேச்சுவார்த்தை முறையில் நடக்கும் ஒப்பந்தத்தில் தோற்றவருக்கு, தன் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டறியும் உரிமை இருக்கிறது. முடிவு தெரிவிக்கப்பட்ட மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் கேட்டால், கொள்முதல் அதிகாரி அந்த ஸ்தாபனத்தின் விண்ணப்பத்திலிருந்த குறைகளை விளக்கிச் சொல்லியாகவேண்டும். தோல்வியின் சோர்வில் அந்த மூன்று நாளைத் தவறவிட்டுவிடுவோர் பலர். தவறவிடாமல் கேட்கும்படி முதலில் பழக்குகிறார்கள். கிடைத்த விளக்கத்தை வரிவரியாக எடுத்துவைத்துக்கொண்டு, விலையில் தவறா, அனுபவச் சான்றில் குறையா, வேலைத் திட்டம் தெளிவாக இல்லையா என்று பிரித்துப் பார்த்து, அடுத்த டெண்டரை அந்த இடத்திலிருந்தே எழுதத் தொடங்கச் சொல்கிறார்கள்.