மாலத்தீவின் சரித்திரமும் நம் கரையின் கடமையும்



தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் தோணித்துறையை அறிந்தவர்களுக்கு மாலத்தீவு அந்நிய தேசமன்று. வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு நம் தோணிகள் மாலே நகருக்குத் தலைமுறைகளாகச் சென்று வந்துள்ளன. நம் இல்லங்களில் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அத்தீவுகளின் பெயர்பெற்ற சரக்கே. ஆயினும் அந்நாட்டின் சரித்திரம் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை நம்மில் சிலரே அறிவர். அதில் நமக்கு ஒரு படிப்பினை இருப்பதால் இவ்வாண்டு மலரில் அதனைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஏறத்தாழ 1,190 சிறு தீவுகளைக் கொண்டது அந்நாடு. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் அளவே உயர்ந்தது. உப்புக் காற்றும் ஈரமும் ஏடுகளை அரித்துவிடும் அவ்விடத்தில், எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்திகளும் இன்று வாசிக்கக் கிடைக்கின்றன.

காழியின் நினைவுகள்

மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா ஹிஜ்ரி 744இல், அதாவது கி.பி. 1343இல், மாலத்தீவை அடைந்தார். அப்போது அங்கே ஆட்சி புரிந்தவர் சுல்தானா கதீஜா. மார்க்கக் கல்வி கற்றவர் என்பதால் இப்னு பதூதா மாலேயின் காழியாக நியமிக்கப்பட்டார். 1344இல் அங்கிருந்து புறப்பட்டார். நாடு திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி, 1355இல் அந்தப் பயண நூல் நிறைவு பெற்றது.

அந்நூலில் அரசவைச் செய்திகளோடு எளிய மக்களின் வாழ்வும் இருக்கிறது. தேங்காய் நாரை ஊறவைத்து, அடித்து, பெண்கள் கயிறு திரிப்பதையும், அக்கயிற்றால் கப்பல் பலகைகள் தைக்கப்படுவதையும் அவர் கூறுகிறார். சோழிகள் வங்காளத்துக்குச் சென்று, அவற்றுக்கு மாற்றாக அரிசி வந்ததையும் குறிக்கிறார். நம் கரையின் சங்கும் வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கே சென்றது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பெண்களின் உடை பற்றித் தாம் இட்ட ஆணையை நடைமுறைப்படுத்த இயலவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தம் தோல்வியையும் எழுதியவர் என்பதால் அவர் கூற்றுக்கு மதிப்புக் கூடுகிறது.

மாலத்தீவிலிருந்து இலங்கைக்குச் சென்ற அவர், புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன் முத்துக்கள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டார். அதன் பின்னரே மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்தார்.

தாரீக் என்னும் கருவூலம்

அவருக்கு நெடுங்காலத்திற்குப் பின், அந்த மண்ணிலேயே பிறந்த காழி ஹஸன் தாஜுத்தீன் அரபு மொழியில் மாலத்தீவு மன்னர்களின் சரித்திரத்தை எழுதினார். அவர் 1727இல் மறைந்த பிறகும் பேனா ஓயவில்லை. அவருடைய குடும்பத்தாரே அதனைத் தொடர்ந்து எழுதி வந்தனர். 1980களில் ஜப்பானிய அறிஞர் ஹிகோஇச்சி யாஜிமா அந்நூலைப் பதிப்பித்தார்.

அத்தீவினர் 1153இல் இஸ்லாத்தை ஏற்றனர் என்பது இந்தத் தாரீக் தரும் கணக்கு. அழைப்புப் பணி செய்த பெரியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இப்னு பதூதா 'மக்ரிபைச் சேர்ந்த பர்பரி' என்கிறார்; தாரீக் 'தப்ரீஸி' என்கிறது. புள்ளியிடாத பழைய அரபு எழுத்தில் இவ்விரு சொற்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். இரண்டு சான்றுகளும் எழுத்தில் இருப்பதால்தான் ஆய்வாளர்களால் அவற்றை ஒப்பிட்டு விவாதிக்க முடிகிறது.

பள்ளிவாசல்களுக்கு நிலம் வழங்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டுச் செப்பேடுகளும், 1658இல் கடற்கல்லால் எழுப்பப்பட்ட மாலே ஜும்ஆப் பள்ளியும் அந்நாட்டின் மற்றைய சாட்சிகள். இலங்கைத் தொல்பொருள் துறையின் தலைவராயிருந்த எச்.சி.பி. பெல் 1879, 1920, 1922 ஆகிய ஆண்டுகளில் அங்கு சென்று, தாரீக்கையும் பிற சான்றுகளையும் ஆராய்ந்தார். அவருடைய பெருநூல், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின் 1940இல் வெளிவந்தது.

பவளப்பாறையின் செய்தி

கடலை ஆராய்ந்தோரும் உண்டு. 1899-1900இல் ஸ்டான்லி கார்டினர் அத்தீவுகளின் உயிரினங்களையும் நில அமைப்பையும் ஆராய்ந்தார். பவளப்பாறையே தீவுக்கு வேலி. மாலேயில் வீடு கட்டப் பாறையை வெட்டினார்கள். 1987இல் பேரலைகள் நகருக்குள் புகுந்தன. பின்னர் ஜப்பான் உதவியுடன் கடற்சுவர் எழுப்பப்பட்டது.

நம் மன்னார் வளைகுடாவிலும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவின் பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. அதைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன.

நம் கடமை

நம் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர்கள் எவர்? எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் எழுதினார்கள். அவர்கள் செய்தது பெரும்பணி. அதற்கு நன்றி பாராட்டுகிறோம். ஆனால் மூச்சடக்கி மூழ்கியவர்களும், மேலே கயிறு பிடித்த மண்டாடிகளும், முத்தை விலை மதித்த நம் வணிகர்களும் தம் கையால் எழுதி வைத்தவை மிகக் குறைவு. 1961இல் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் அத்தொழில் நின்றுவிட்டது. அன்று இருபது வயது இளைஞராயிருந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர் மையவாடிக்குச் செல்லும்போது அவர் அறிந்தவையும் உடன் சென்றுவிடும்.

ஓர் ஊர்ப் பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவேட்டைக் காண விரும்பினோம். பெட்டியைத் திறந்தபோது கறையான் மண்ணே கைக்கு வந்தது. நூறாண்டுக் குடும்பங்களின் பெயர்கள் அதில் இருந்தன என்றார்கள்.

ஆகவே நம் ஜமாஅத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளையும் வக்ஃபுப் பத்திரங்களையும் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். மீஸான் கற்களில் உள்ள பெயர்களையும் ஆண்டுகளையும், அவை தேய்ந்து மறையுமுன், படியெடுக்க வேண்டும். கடல் தொழில் அறிந்த மூத்தவர்களிடம் நம் மதரஸா மாணவர்கள் சென்று, கேட்டதைக் கேட்டவாறே எழுதிவர வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அவ்வாறு எழுதப்பட்டவற்றில் ஒன்றேனும் இடம்பெற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!