பாலைக்கு அடியில் எண்ணெய் கண்ட ஸ்டைனக்கி

தம்மாம், தஹ்ரான், ஜுபைல் என்னும் ஊர்ப்பெயர்கள் நம் குடியிருப்புகளில் அறியப்படாதன அல்ல. பிழைப்பு நாடி அங்குச் சென்று, மடல் வழியாகவே இல்லறம் நடத்திய தந்தையரும் தமையன்மாரும் நம்மிடையே பலர். ஆயினும், அம்மணல்வெளியின் அடியில் எண்ணெய் உண்டு என்று உறுதிபடக் கூறியவர் யார் என்று வினவினால், விடை சொல்வார் மிகச் சிலரே. அவர் மாக்ஸ் ஸ்டைனக்கி என்னும் அமெரிக்க நிலவியல் அறிஞர். அவருடைய வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் எனக் கருதி இங்கு எழுதுகின்றோம்.

ஆரிகன் மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான புரூக்கிங்சில், 1898ஆம் ஆண்டு, ஒன்பது மக்களைப் பெற்ற ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் வீட்டை விட்டுக் கலிபோர்னியாவின் கிரசண்ட் சிட்டிப் பகுதியில் மரம் வெட்டுவோர் முகாமில் வேலைக்குச் சேர்ந்தார். அவ்விடத்தில் ஓர் ஆசிரியை அச்சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, மேலே படிக்குமாறு தூண்டினார். அத்தூண்டுதலே அவரை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் வரை கொண்டு சேர்த்தது. 1921இல் நிலவியலில் பட்டம் பெற்றார்.

பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போன பிள்ளைகளை நம் சேரிகளில் காணாதார் இலர். அவர்களுள் எத்தனை பேருக்கு அத்தகைய ஆசிரியை வாய்த்தார்? மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டைனக்கி வறியவர்தாம், ஆனால் அவர் நிழல் பட்டால் தீட்டு என்று ஒதுங்குவார் அந்நாட்டில் எவரும் இல்லை. கிணற்றடியிலும் வகுப்பறையிலும் அவரைத் தள்ளி நிறுத்துவார் இல்லை. இவ்வேறுபாட்டை மூடி வைத்து அவரை நமக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுதல் நேர்மையாகாது.

பட்டம் பெற்றபின் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்து, அலாஸ்கா, கொலம்பியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் பணியாற்றினார். 1933 மே திங்களில் அக்கம்பெனி சவூதி மன்னர் அப்துல் அசீசின் அரசோடு எண்ணெய் தேடும் உடன்படிக்கை செய்து கொண்டது. மறு ஆண்டு ஸ்டைனக்கி அரேபியா சென்றார். 1936இல் தலைமை நிலவியலாளர் ஆனார்.

இனி அவர் தீர்க்க வேண்டியிருந்த புதிரைக் காண்போம். எண்ணெய் நிலத்தடியில் ஏரியைப் போலத் தேங்கி நிற்பது அன்று. நுண்துளைகள் நிறைந்த பாறையினுள், ஈரத்தை உறிஞ்சிய செங்கல்லைப் போல அது பொதிந்து கிடக்கும். நீரைவிட இலேசானதாகையால் மேல்நோக்கி ஏறும். பாறை அடுக்குகள் கவிழ்த்த சட்டி போல வளைந்து, அவற்றின் மேல் எண்ணெயைக் கசியவிடாத மூடுபாறையும் அமைந்திருந்தால், அங்கே எண்ணெய் சிறைப்படும். தம்மாமில் அத்தகைய வளைவு ஒன்று வெளிப்படையாகவே தெரிந்தது. அருகிலுள்ள பஹ்ரைன் தீவில் 1932இல் எண்ணெய் கிடைத்த ஆழத்தை அளவாகக் கொண்டு, 1935 முதல் தம்மாமில் தோண்டினார்கள். கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றின. சிறிது எண்ணெய், சிறிது வாயு, பிறகு நீர்.

ஏழாவது கிணற்றை அவ்வளவோடு நில்லாமல் இன்னும் ஆழத்திற்குக் கொண்டு செல்லத் துணிந்தனர். 1936 டிசம்பரில் தொடங்கிய அப்பணி இடையூறுகளால் இழுபட்டது. கருவிகள் உடைந்தன, குழாய்கள் சிக்கின, கிணற்றின் சுவர் சரிந்தது. செலவு பெருகக் கண்ட கம்பெனித் தலைவர்கள் 1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டைனக்கியைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்து, இன்னும் தொடரத்தான் வேண்டுமா என்று கேட்டனர். தொடருங்கள் என்பதே அவர் விடை. 1938 மார்ச் 4ஆம் நாள், ஏறத்தாழ 4,727 அடி ஆழத்திலிருந்து, நாளொன்றுக்கு 1,585 பீப்பாய் வீதம் எண்ணெய் வரத் தொடங்கியது. சில நாள்களில் அவ்வளவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறையே அதன் உறைவிடம். அந்த ஒரு கிணறு மட்டும் 1982 வரை மூன்று கோடியே இருபது இலட்சம் பீப்பாய்க்கு மேல் தந்தது.

அவருடைய உறுதி வெறும் பிடிவாதத்தில் தோன்றியதன்று. 1937இல் பாரசீக வளைகுடாக் கரையிலிருந்து செங்கடல் வரை அரேபியாவின் குறுக்கே பயணம் செய்து, கிழக்கே ஆழத்தில் புதைந்து கிடக்கும் அடுக்குகள் மேற்கே தரைக்கு மேல் தலைகாட்டுவதைக் கண்டு ஆராய்ந்தவர் அவர். காணாத ஆழத்தைக் கண்ட பாறையால் அளந்தார் என்க.

அப்பாலையில் அவருக்கும் அவர் தோழர்களுக்கும் வழிகாட்டியவர் காமிஸ் பின் ரிம்தான் என்னும் அஜ்மான் குலத்து பெடூயின். எந்தக் கிணறு எங்கே, எந்த மேட்டுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவர் நினைவில் நின்றன. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவருடைய அறிவின்றி நிலவியலாளரின் வரைபடங்கள் நிறைவு பெற்றிரா. நூல் எழுதுவோர் இத்தகையோரை ஒரு வரியில் கடந்து போவதுண்டு; நாம் அவ்வாறு செய்ய மாட்டோம். 1974இல் கண்டறியப்பட்ட ஓர் எண்ணெய் வயலுக்கு ரிம்தான் என்றே பெயர் சூட்டப்பட்டது.

மணலும் சரளையும் மூடிய இடங்களில் பாறையின் வளைவை எங்ஙனம் அறிவது? ஆழமற்ற சிறு துளைகள் பலவற்றை இட்டு, ஒரே அடையாள அடுக்கு ஒவ்வொரு துளையிலும் எத்தனை அடியில் கிடைக்கிறது என்று குறித்து, அவ்வேறுபாட்டைக் கொண்டு மறைந்த மேட்டைக் கண்டறியும் முறையை ஸ்டைனக்கி அங்கே திறம்படக் கையாண்டார். 1940இல் அப்கைக் வயல் கிடைத்தது. உலகிலேயே மிகப் பெரியதென மதிக்கப்படும் கவார் வயலில் 1948இல் எண்ணெய் கண்டதற்கும் அவருடைய குழுவினரின் நில ஆய்வே அடிப்படை.

அச்செல்வத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. தஹ்ரானில் அமெரிக்கர்க்குக் குளிரூட்டிய இல்லங்கள். அரபுத் தொழிலாளர்க்கு ஓலைக் குடில்கள். குடியிருப்பும் ஊதியமும் இனம் பார்த்தே பிரிக்கப்பட்டன. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1945இலும் 1953இலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1953இல் கலந்து கொண்டோர் பல ஆயிரவர். ஸ்டைனக்கியின் புகழைப் பேசுங்கால் இதனையும் உடன் வைத்தே பேசுதல் தகும்.

அவர் மனைவியையும் இரு மகள்களையும் நேசித்த குடும்பத்தலைவர். தொடக்கத்தில் அப்பாலை முகாமில் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் இடமில்லை. 1937 முதலே குடும்பங்கள் வரலாயின. ஸ்டைனக்கியின் இல்லத்தாரும் தஹ்ரானில் வந்து வாழ்ந்தனர். 1940 அக்டோபரில் இத்தாலிய விமானங்கள் தஹ்ரான் மீது குண்டு வீசின. அதன்பின் பெண்டிரும் பிள்ளைகளும் தாயகம் அனுப்பப்பட்டனர். போர் முடியும் தறுவாயில், 1945இல்தான் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. தந்தையின் குரலைக் கேளாது வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வாண்டுகளின் நீளத்தை உணர்வர். வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் கணக்கிடலாம்; வீட்டில் இல்லாத நாள்களை எக்கணக்கில் எழுதுவது?

1951இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் தன் உயரிய விருதாகிய சிட்னி பவர்ஸ் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. மறு ஆண்டு ஏப்ரலில், கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோசில், 54ஆம் வயதில் அவர் மறைந்தார். அரேபியாவின் ஜுராசிக் எண்ணெய்ப் பாறைகளைப் பற்றிய விரிவான கட்டுரை 1958இல் வெளிவந்தபோது, உடன் உழைத்த இருவர், ஆறாண்டுகட்கு முன் மறைந்த ஸ்டைனக்கியின் பெயரையே முதலில் வைத்துத் தம் பெயர்களைப் பின்னர் இட்டுக் கொண்டனர்.